தன்னாமுனையில் மண் இல்லாத சலாதுத் தோட்டம்

திருகோணமலையில் என் வீட்டு மொட்டை மாடியில் மண்ணே இல்லாமல், உரம் கலந்த தண்ணீரில் சலாதுக் கீரை வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம். வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். செய்கிறவர் தோட்டத்தை நேரில் பார்க்காமல் ஒரு குழாய்கூட வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, தன்னாமுனையில் அப்படித் தோட்டம் போட்டிருக்கும், தோழி ஒருத்தியின் உறவுக்காரி வசந்தியைப் பார்க்கப் புறப்பட்டேன்.

காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு பஸ். வாகரை, ஓட்டமாவடி, ஏறாவூர் வழியாக மூன்றரை மணி நேரம். கடல் பார்க்க ஆசைப்பட்டு இடப்பக்கம் இருந்துவிடாதீர்கள், வெயில் முகத்தில் அறையும். நகரம் வரை போகத் தேவையில்லை. ஏறாவூர் தாண்டியதும் தன்னாமுனை என்று கொண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். இறங்கி வாவிப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் வசந்தியின் வீடு.

வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்குக் கீழே வரிசையாக வெள்ளைக் குழாய்கள். துளைக்கொரு செடி. நீலப் பிளாஸ்டிக் பரலில் இருந்து மோட்டர் உரத் தண்ணீரைச் சுற்றி ஓடவிடுகிறது. எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே, செடியைத் தவிர. இலைகள் மஞ்சளித்து, ஓரம் கருகிக் கிடந்தன.

"வாங்கக்கா, நல்ல நாள் பாத்துத்தான் வந்திரிக்கீங்க" என்றார் வசந்தி.

மாரியில் போட்ட முதல் பயிர் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டலுக்கே விலைபோனதாம். இரண்டாவது கருகிச் செத்தது. இது மூன்றாவது. "இதும் செத்தா குழாயெல்லாம் வித்துப்போடுவம் எண்டு இவர் சொல்லிட்டார். நானும் ஓம் எண்டுட்டன்." இவர் என்றால் மேசன் வேலைக்குப் போயிருந்த கணவர் ரவி.

"உரம் போதாதோ?" என்று கேட்டேன்.

"மீற்றர் எழுநூறு காட்டுதே. அதுக்கு மேல ஊத்தினா வேர் வெந்துபோகும்."

தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அந்தச் சின்ன மீற்றரைத்தான் அவர் முழுதாக நம்பியிருந்தார். ஆனால் சுவரோரம் ஒரு தட்டில், பஞ்சுத் துண்டுகளில் நின்ற நாற்றுகள் பச்சைப்பசேல் என்றிருந்தன. அதே விதை, அதே உரம்தானாம்.

"இதுக்கு என்ன தண்ணி?"

"கொஞ்சம்தானே வேணும், சமைக்கிற குசினிப் பைப்பில புடிச்சு ஊத்துறன். பரலுக்குத்தான் கிணத்துத் தண்ணி."  சொன்ன வாயோடு கிணற்றுக்கு ஓடிப்போய் ஒரு வாளி அள்ளி வந்து, உரம் சேர்க்காத அந்தத் தண்ணீரில் மீற்றரை வைத்தார். ஐந்நூற்றெண்பது. எழுநூறில் உரம் வெறும் நூற்றிருபதுதான்.

மாரியில் இனித்த கிணற்றில் கோடைக்கு, கடலோடு கலக்கும் வாவியின் உப்பு ஏறியிருக்கிறது. உப்பையும் உரத்தையும் பிரித்துப் பார்க்க மீற்றருக்குத் தெரியாது. பைப்புத் தண்ணீர் வந்தபிறகு அந்தக் கிணற்றை யாரும் வாயில் வைத்தும் பார்க்கவில்லை. செடிகள் இத்தனை நாளும் உரம் என்ற பெயரில் உப்பைக் குடித்திருக்கின்றன. 

தோட்டம் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குழாய் வாங்குமுன் உங்கள் வெறும் தண்ணீரை அளந்து பாருங்கள், மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. தன்னாமுனைக்குப் போனால் ஓர் இரவு தங்கும் எண்ணத்தோடு போங்கள். இரண்டு மணிக்குத் திரும்ப நினைத்த எனக்கு அது நடக்கவில்லை.

வசந்தி மோட்டரை நிறுத்திவிட்டுச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார். தண்ணீரை மாற்றினால் சிலது தப்புமே என்றேன்.

"தப்பினாலும் கருகின இலைய ஹோட்டலுக்குக் குடுக்க ஏலா அக்கா. குழாய் வெறுமையானாத்தான் தட்டில நிக்கிற இந்தக் கண்டுகள வைக்கலாம்."

நானும் சேர்ந்து பிடுங்கினேன். குழாய்களைக் கழுவி முடிக்கையில் ரவி வேலையால் வந்தார். குவியலைப் பார்த்தார். "அப்ப செத்துப்போச்சு. சொன்ன மாதிரிக் குழாயக் குடுத்திருவம்."

வசந்தி நிமிரக்கூட இல்லை. "ஆரு சொன்ன செத்தெண்டு? உசிரோட நிண்டத நான்தான் புடுங்கின. அந்த வாளியத் தூக்குங்க, பைப்பில தண்ணி நிண்டுபோறதுக்குள்ள பரல நிரப்ப வேணும்."