ஞானசேகரம் அண்ணை எழுதாத நாடகம்

ஞானசேகரம் அண்ணை காலமான செய்தியை அவர் மகன் றமணன் தொலைபேசியில் சொன்னபோது, டோர்வலில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மறுகிழமை மீண்டும் எடுத்தான். "அன்ரி, நினைவு மலரிலை அப்பா எழுதின நாடகத்தைப் போடப்போறம். நீங்களும் அவரைப் பற்றி எழுதித் தாங்கோ. மெர்சி." பிரெஞ்சில் நன்றி சொன்னவன், நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாடகத்தை எழுதியது நான். நூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கில நடிகரின் வாழ்க்கை அது. லண்டன் மேடையில் குரலால் கொடிகட்டிப் பறந்தவர், ஊமைப்படத்துக்குப் போகிறார். படங்கள் பேசத் தொடங்கும்போது அவருடைய குரல் போய்விடுகிறது.

ரொக்ஸ்பரோவில் அண்ணையின் வீட்டு பேஸ்மென்றில்தான் ஒத்திகை. அந்த நடிகராக நடித்ததும் அவர், நாடகத்தை நெறிப்படுத்தியதும் அவர். பிந்தி வருவது அவர், ஏச்சு வாங்குவது நாங்கள். நடிகரின் மனைவியாக நடித்த என் வசனங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். "ஊமைப்படக் காலம், பிள்ளை. நீர் சும்மா நில்லும், அது காணும்" என்பார்.

லொங்குய்ய் மண்டபத்தில் மேடையேறிய அன்று, துண்டுப்பிரசுரத்தில் "கதை: ஞானசேகரம்" என்று இருந்தது. என் பெயர் தேநீர் ஊற்றியவர்களோடு நன்றியில் கிடந்தது. போய்க் கேட்டேன். மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னார்: "கதை எண்டால் என்ன? கதைக்கிறதுதானே. மேடையிலை நிண்டு கதைக்கிறது ஆர்? நான்." இந்த மலரை வாசிக்கப்போகிற, அன்று அங்கே நின்ற நாடகக்காரர் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.

அன்று கடைசிக் காட்சியில் இன்னொன்றும் செய்தார். குரல் போன நடிகர் படப்பிடிப்புக்கூடத்து வாசலில் நிற்கிறார். காவலாளிக்கு அவரைத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு நீளமாக வசனம் எழுதியிருந்தேன். அண்ணை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

நேற்று றமணனை நானே அழைத்து, நாடகம் என் பெயரில்தான் அச்சேற வேண்டும் என்றேன்.

"அப்ப அப்பான்ரை பேர் ஒரு இடத்திலையும் வராதோ, அன்ரி?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றுதான். அதை அவனிடம் சொன்னேன்.

"வரும். கடைசிக் காட்சியிலை என்ரை வசனம் எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, அவர் செய்ததை எழுதித் தாறன். அதுக்குக் கீழை அப்பான்ரை பேரைப் போடு."