நான் விட்ட உப்பு அவளுக்கு ஏறியது

என் மனைவி பாண்டியம்மாவை நெஞ்சுச் சளி முற்றி, மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்த அன்றே பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து வரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று. நான் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவன், நாக்குக்கு அடிமை. உப்பில்லாத சாம்பாரை விழுங்கியவர்களுக்கு என் பக்தி புரியும்.

"மச்சான், நீங்க சாப்பிடுற மூஞ்சியப் பாத்தா அக்காவவிட நீங்கதான் சீக்காளி மாதிரி இருக்கீங்க" என்றாள் துணைக்கு வந்திருந்த கொழுந்தியாள்.

ஆன்டிபயாட்டிக் ஏற ஏறக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் பாண்டியம்மா கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகினாள். பிறகு அதுவும் இல்லை. எங்கள் ஊர் அட்டுவம்பட்டித் தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டுகிறவள், கையைக் கிள்ளியும் சும்மா கிடந்தாள்.

டாக்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சுங்க. அதான் மயக்கம்."

"உப்பா? அவ வாயில பச்சத்தண்ணிகூடப் படலையேங்க."

"நாங்க போடுற மருந்துலயே உப்பு இருக்குங்க. அதக் கலந்து ஏத்துறதும் உப்புத் தண்ணி. நமக்குன்னா தாகம் எடுக்கும், குடிச்சுக்குவோம். அவங்களால கேக்க முடியலையே. மருந்த நிப்பாட்டவும் முடியாது, சளி இன்னும் கெடக்கு."

வராண்டாவில் பழனி இருக்கும் திசை பார்த்து நின்றேன்.

"ஏப்பா, நான் விட்ட உப்பையெல்லாம் அவ ஒடம்புலயா கொண்டுபோய்க் கொட்டுன? ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அவ வாயால தண்ணி கேக்கணும்."

அழுதேன். பாதி பயம், பாதி எரிச்சல்.

மருந்தைக் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்தார்கள். மூக்குக் குழாய் வழியாக வெறும் தண்ணீர் விட்டார்கள். உப்பு நகர்ந்து நகர்ந்துதான் இறங்கியது.

"இன்னும் வெரசா எறக்க முடியாதாங்க?"

"சட்டுனு எறக்குனா மூள வீங்கிரும்ங்க."

மலைப்பாதையில் இறங்கும்போது அவசரப்படுத்தும் பயணிகளிடம் செகண்ட் கியரைக் காட்டி நானும் இதையேதான் சொல்வேன். இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து நச்சரிக்கிறவன் நானாகிப் போனேன்.

ஒரு காலையில் அவள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"தண்ணி" என்றாள்.

நர்ஸ் ஸ்பூனால் நனைத்துவிட்டார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி வத்திப்போய்க் கெடக்கீங்க?"

உடம்பு தேறியதும் அவளோடு பழனிக்குப் போய், விஞ்ச் வண்டியில் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு, அடிவாரத்து ஓட்டலில் உப்புப் போட்ட சாம்பாரைச் சாப்பிட்டேன். கண் கலங்கியது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு பத்தலையே" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் திட்ட ஆரம்பித்தால், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடந்தால் டாக்டரிடம் கேளுங்கள், முருகனிடமும் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையா, சண்டை போட்டே கேளுங்கள். கோபித்துக்கொண்டு மலையேறி நின்றவனுக்கு நம் கோபம் புரியாதா என்ன.