மணலில் வைத்த பங்கு

கரைவலைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதவில்லை, எந்தச் சபையும் கையுயர்த்தவில்லை. கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு. எந்த ஊர், என்ன சாதி, எவன் மகன், கேட்கிறதில்லை. வழியால் போன ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்து, வலை கரையேறும்வரை இழுத்தானென்றால் அவனுக்கென்று மணலில் ஒரு மீன் குவியல் விழும். சூடை என்றால் சூடை, பாரை என்றால் பாரை.

கடலோரத்தில் பிறந்தும் இந்தச் சட்டத்தை நான் படித்தது கடற்கரையில் அல்ல. கோட்டில், நீதவான் முன்னால்.

எழுபதுகளின் கடைசி. விசாரணை இல்லாமலே ஒருவரை மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. நான் கோட்டுக்குப் பக்கத்தில் வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்து வீட்டில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். துறைமுகக் காற்றில் மெசினின் எழுத்துக்கள் துருவேறி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கோட்டைப் பக்கத்து மான்கள் முற்றத்துக்கு வந்து, வாழைப்பழத் தோலோடு நான் கசக்கி எறிந்த கடதாசியையும் தின்னும். எத்தனையோ பேருடைய முறைப்பாடுகள் அப்படி மான் வயிற்றுக்குள் போயின.

அவள் வந்தது ஒரு காலை. மலைநாட்டுக்காரி. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்கள் எரிந்தபோது புருசனோடு இறங்கி, கந்தளாயில் கரும்பு வெட்டி, அங்கேயும் நிற்க முடியாமல் புல்மோட்டைப் பாதையில் மீன்பிடிகாரர் தங்கும் ஒரு கரைவலை வாடியோரம் ஓலைக் குடிசை போட்டிருந்தாள். புருசன் கயிறு இழுத்தான்.

"எங்க வீட்டுக்காரர ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. போயி கேட்டா, அப்புடி ஒரு ஆளையே நாங்க புடிக்கலங்கிறாங்க."

அப்புக்காத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "பிரசாவுரிமை இருக்கோ?"

"இல்லீங்கய்யா. இந்தியாவும் எடுக்கல, இங்கயும் குடுக்கல."

அவர் அரசியலமைப்பைப் புரட்டினார். "பயப்பிடாதையுங்கோ. கனக்க உரிமை பிரசைக்குத்தான் எண்டு எழுதிக் கிடக்கு. ஆனா பிடிக்கிறது, அடிக்கிறது எண்டு வாற இடத்தில 'எந்த ஆளையும்' எண்டிருக்கு. ஆளா இருந்தாப் போதும்."

"அவரு ஆளுதாங்கய்யா," என்றாள். சத்தியம் செய்வதுபோல.

ஆட்கொணர்வு மனு கொழும்புக்குப் போய், உள்ளூரில் விசாரித்து அறிக்கை அனுப்பும்படி எங்கள் கோட்டுக்குத் திரும்பி வந்தது. நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவனை அவர்கள் கொண்டுபோனார்கள். பட்டப்பகலில் ஒரு கரையே பார்த்திருந்தது. ஆனால் சாட்சிக்கு வந்தவர் ஒருவர்தான். வலைக்கு உடையவர், குறிஞ்சாக்கேணிச் சம்மாட்டி. தொப்பியும் வெளுத்த சாரமும்.

"கயித்துல நிண்ட எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல், மகள்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு வயசு போயிட்டு. காய்ச்சல் வந்தா என்ன, வராட்டி என்ன."

குர்ஆன்மேல் கை வைத்துச் சொன்னார். "முழங்கால் தண்ணியில நிண்டவன். காக்கி உடுப்புக்காரங்க ரெண்டு பேர் வந்து தோள்ல பிடிச்சாங்க. கயிறு அவன்ட கையால உருவி எங்கட பக்கம் வந்துட்டு."

அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். அவரும் தமிழர்தான், எங்களைவிடத் திருத்தமான தமிழ். குரலில் ஒரு மரியாதை.

"உங்கள் வலையில் கயிறு இழுக்காதவருக்குப் பங்கு உண்டா?"

"இல்ல." சம்மாட்டியின் நெஞ்சு நிமிர்ந்தது. "என்ட சொந்த மகனுக்கும் இல்ல."

"நல்லது. இந்த ஆளுக்கு, நீங்கள் சொல்லும் அந்த நாளுக்குப் பிறகு, பங்கு வைத்தீர்களா?"

"வெச்சன். வலை போட்ட ஒரு நாளும் விடல்ல. அவன்ட பொஞ்சாதி வந்து எடுக்கிறவ."

"அப்படியென்றால் அவர் இழுத்திருக்கிறார்."

கோடு சிரித்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கூடச் சிரித்தான். சம்மாட்டிக்கு விளங்கவில்லை, விளங்கியபோது முகம் கறுத்தது.

"அவன் கயித்த விடல்ல, ஐயா. விட வெச்சாங்க. தானா விட்டுட்டுப் போனவனுக்குப் பங்கு இல்ல. மௌத்தானவனுக்குக் கத்தம் ஓதி அடக்கினதோட சரி. இவன் ரெண்டும் இல்லயே. இவன்ட கை இன்னும் கயித்துலதான்."

"ஆகவே, இன்னும் உங்கள் கரையில்தான் நிற்கிறார்."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பெரிய கெட்ட மனம் இருந்ததாக எனக்குப் படவில்லை. வெக்கையான கோட்டில், பசி நேரத்தில், சனம் எதற்கும் சிரிக்கும். அவள் மட்டும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அப்புக்காத்து எழும்பினார். கழுத்துப் பட்டி வேர்வையில் நனைந்திருந்தது. பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் அந்தப் பொம்பிளையில இரக்கப்பட்டு, ஒரு தர்மமாத்தானே குடுத்தனீங்கள்?"

ஓம். அந்த ஒரு சொல் போதும். தர்மமென்றால் அவன் இழுக்கவில்லை, கரையில் இல்லை என்றாகிவிடும். நீதவான்கூடப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அதை எழுதக் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

"தர்மமோ?" சம்மாட்டி தன் வலக்கையைப் பார்த்தார். "இல்ல ஐயா. சதக்கா நான் வெள்ளிக்கிழமையில பள்ளிவாசலடியில குடுக்கிறனான். அது என்ட விருப்பம். குடுக்காட்டி ஒருத்தருக்கும் கேக்க ஏலாது. இது அவன்ட பங்கு. நான் வைக்காட்டி, களவு."

பேனா இறங்கியது. எழுதியது.

அவன் தடுப்பில் இருந்ததாக நிரூபணமில்லை என்று அறிக்கை போனது. மனு விழுந்தது. செய்தி வந்த அன்று கோட்டுப் படியில் அப்புக்காத்து சத்தம் போட்டார், மான்கள் எழும்பி ஓடின. "ஒரு சொல்லு! ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ மனிசனுக்கு!"

"செல்லியிருக்கலாம் ஐயா," என்றார் சம்மாட்டி. தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பிச்சைன்னு சொல்லியிருந்தா, அவர விட்டிருப்பாங்களாம்மா?"

தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. பிறகு எத்தனை மேடைகளில், எத்தனை அழகான வசனங்களில் கேட்டிருக்கிறேன்: உரிமை எவரும் கொடுப்பதல்ல, மனிதரோடு கூடப் பிறப்பது என்று. கைதட்டுவார்கள். எனக்குக் கை எழும்பாது. அந்த மனிதர் அதைத்தான் சொன்னார், அதைச் சொன்னபடியால்தான் தோற்றோம். சில நாளில் அவர்மேல் கோபம் வரும்: ஒருவனுடைய உயிரைவிட உம்முடைய நேர்மை பெரிதோ, காணும். சில நாளில் அந்த ஒரு மனிதரின் வாயைத் தவிர இந்தத் தீவில் சட்டம் எங்கேயும் இருக்கவில்லை என்று படும். இரண்டும் ஒரே இரவில் வருவதும் உண்டு.

தீர்ப்பின் பிரதியைக் கொடுக்க வாடிக்குப் போனேன். சோளகக் காற்று மணலைக் கணுக்காலில் அடித்தது. வலை பாதி வந்திருந்தது. கயிற்று வரிசையில், முழங்கால் தண்ணீரில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் நின்றாள். அவன் நின்ற இடத்தில். அந்தக் கரையில் பெண்கள் கயிறு பிடிப்பதில்லை. காய்ச்சல் வந்த ஆண்கள் எல்லோரும் அவளுக்கு முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கும்போது பாடும் ஏலேலோ இல்லை.

வலையின் மடி கரையேறியது. சம்மாட்டி பங்கு பிரித்து வந்தார். அவள் முன்னால் ஒரு குவியல் வைத்துவிட்டு அடுத்தவனிடம் நகர்ந்தார்.

அவள் குனியவில்லை.

"இது நான் இழுத்ததுங்க. அவருது எங்க?"

அவர் நின்றார். என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தாரோ என்னவோ. பிறகு திரும்பிப் போய் இரண்டு கையாலும் அள்ளி வந்து, முதல் குவியலுக்குப் பக்கத்தில், முட்டாமல், இன்னொன்று வைத்தார்.

காகங்கள் கிட்ட வந்தன. அவள் தன்னுடையதைப் பெட்டியில் அள்ளினாள். மற்றதை முந்தானையில், தனியாக.