கண்ணாடிக்குள் ஓர் அம்மா

நெதர்லாந்தில் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறையில்தான் மாட்டுகிறார்கள். முதன்முதலில் பக்கத்து வீட்டில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெற்றவர், பிள்ளை, மாமியார், மச்சினி எல்லாரும் தேதிவாரியாக அங்கே தொங்குகிறார்கள். யாரையும் மறந்துவிடக் கூடாதாம். ஐந்தோவன் நகருக்கு வந்து நாலு வருடத்தில் அது பழகிவிட்டது. பிள்ளைகளின் வயதை மாதக்கணக்கில் சொல்வதுதான் பழகவில்லை. எங்கள் தென்காசியில் "தை வந்தா மூணு" என்றால் கேட்டவருக்குப் போதும். இங்கே குழந்தைகள் நல மையத்தில் அப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் மகள் யாழினிக்கு அப்போது முப்பது மாதம். முப்பது மாதப் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் எனக்கும் மனப்பாடம் என்பதுதான் கொடுமை.

ஊரில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஆறு வருடம் குழந்தை வளர்ச்சி உளவியல் நடத்தியவள். நடத்தியவள் என்ன, நோட்ஸ் சொன்னவள். புலன் இயக்க நிலை, செயலுக்கு முந்தைய நிலை, தாயோடு உண்டாகும் பற்று, ஒளித்து வைத்த பொருள் கண்ணில் படாவிட்டாலும் இருக்கத்தான் செய்கிறது என்ற அறிவு என்று அடுக்கிக்கொண்டே போவேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். "ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தை கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிகிறது. முகத்தில் நிறப்பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டால், கண்ணாடியைத் தொடாமல் தன் முகத்தைத் தொடும்." ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடையத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், எங்க அக்கா மவன் கண்ணாடியப் பாத்து அப்பாங்கான். அது எதுல சேத்தி?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கோபம் வந்தது. "பரிட்சையில அது வராது. உக்காந்து எழுது" என்றேன்.

மையத்தில் யாழினியைச் சோதித்தவர் பெயர் மரைக்கா. நல்ல பெண்மணி, குற்றம் சொல்ல மாட்டேன். என் மகளுக்குப் பேச்சு குறைவு என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தார். நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கண்ணாடி முன் நிறுத்தினார். யாழினி தன்னைப் பார்த்து அழகாகச் சிரித்தாள், ஸ்டிக்கரைத் தொடவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு ஏன் எடுக்கவில்லை என்றால்? எங்கள் வீட்டில் பொட்டை அழித்தால்தான் ஏச்சு விழும். என் அரைகுறை டச்சில் அதை விளக்கினேன். மரைக்கா தலையாட்டி ஒப்புக்கொண்டு, கண்ணாடியைக் காட்டி "வீ இஸ் டாட்?" என்றார். நான் தமிழில் கேட்டேன்: "இது யாரும்மா?" "அம்மா" என்றாள் யாழினி. மறுபடி கேட்டேன். "அம்மா." போனில் அவளுடைய படத்தையே எடுத்துக் காட்டினேன். அதற்கும் "அம்மா". என்ன சொல்கிறாள் என்று மரைக்கா கேட்டார். டச்சில் மாமா என்றால் தாய். "மாமா என்கிறாள்" என்றேன். "தன்னைப் பார்த்து நீங்கள் என்று நினைக்கிறாளா?" கொஞ்சம் தயங்கி "யா" என்றேன். அவர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். சாதாரண மழலையர் குழு வேண்டாம், தனிக் கவனிப்புக் குழுவுக்குப் பரிந்துரைக்கலாம் என்றும், விடுமுறை முடிந்து இன்னொரு முறை பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் சொன்னார்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளையும் தென்காசியில் அண்ணன் சங்கரன் வீட்டுக்கு வந்து இறங்கினோம். நல்ல சீசன், சாரல் விட்டு விட்டு அடித்தது. ஊரே குளிர்ந்து கிடந்தது, நான் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் பிள்ளையை பீரோக் கண்ணாடி முன் நிறுத்தி "இது யாரு?" என்பேன். "அம்மா." "நல்லாப் பாரு, யாரு?" "அம்மா." நாலாம் நாள் பீரோவைக் கண்டாலே ஓட ஆரம்பித்தாள். அன்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அண்ணன் வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டான். "ஏட்டி, புள்ளைக்கி என்ன கொறச்சல்னு இந்தப் பாடு படுத்துத?" விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படிச்சவளுக்குப் புத்தி பிடரியில. வா எம்மா, நம்ம அருவிக்குப் போவோம்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

ஐந்தருவியில் அன்று நல்ல கூட்டம். எனக்குக் குளிக்கிற மனநிலை இல்லை. பையையும் மாற்றுத் துணியையும் வைத்துக்கொண்டு படிப்பக்கம் நின்றேன். அண்ணன் பிள்ளையோடு ஆண்கள் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் பெருகித் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஈர உடம்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு படியேறி வந்தன. அண்ணனும் வந்தான், கையில் பிள்ளை இல்லை. "துண்ட எடுக்க ஒரு நிமிசம் இறக்கி விட்டேன்" என்றான். நான் "யாழினி! யாழினி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். அத்தனை சத்தத்தில் அது எங்கே போய் விழுந்ததோ. எனக்குப் பின்னால் அண்ணன் கத்தினான்: "எம்மா! ஏ எம்மா!"

நாலைந்து பெண்கள் திரும்பினார்கள். அவர்களுக்கு இடையில், ஒரு வளையல் கடை ஓரத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு தலையும் திரும்பியது. சட்டை சொட்டச் சொட்ட நின்றாள். கடையில் வரிசையாகக் கண்ணாடிகள் தொங்கின. அண்ணனைப் பார்த்ததும் அழவில்லை. ஒரு கையால் கண்ணாடியைக் காட்டி, மறு கையைத் தன் தலையில் வைத்துத் தண்ணீரை வழித்துக் காட்டினாள். "மாமா, அம்மா நனைஞ்சிருக்கு."

நான் ஒரு சொட்டு நனையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை கிடைத்ததற்கு அழுதேனா, என் மடத்தனத்துக்கு அழுதேனா என்று தெரியவில்லை. சாப்பிடும்மா, தூங்கும்மா, இங்கன வாம்மா என்று பிறந்ததிலிருந்து அவளை அம்மா என்றே கூப்பிட்டிருக்கிறோம். யாழினி என்ற பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. வீட்டில் ஒருநாள்கூட அதை ஒருவரும் சொன்னதில்லை. எல்லாரும் எப்படிக் கூப்பிட்டார்களோ, அதைத்தான் அவள் தன் பெயர் என்று நினைத்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான விடையை முதல் நாளே சொல்லியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; என் வாயால் கெட்டது என் பிள்ளை. "ஒன்னயும் அப்பா எம்மா எம்மான்னுதான கூப்பிட்டாவ? நீ என்ன கண்ணாடியில ஆளு தெரியாமலா தல சீவுத?" என்றான் அண்ணன். அப்பா இறந்து ஏழு வருடமாகிறது. அதற்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை, எனக்கும் மறந்துபோயிருந்தது.

ஐந்தோவன் திரும்பியதும் மரைக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் ஊரில் மகளை அம்மா என்றும் மகனை அப்பா என்றும் கூப்பிடுவோம், அது செல்லம் என்றேன். அவர் முகம் இன்னும் கவலையானது. "குழந்தையைத் தாய் என்று கூப்பிடுகிறீர்களா? வீட்டில் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பெற்றவரின் பாரத்தைப் பிள்ளை சுமப்பதாக ஒரு கருத்து உண்டு, நானே நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். அவர் விரல் மறுபடி தட்டச்சுப் பலகைக்குப் போனது. ஒரு சொல்லால் கெடுத்ததை இன்னும் நூறு சொல்லால் கெடுக்கப் போகிறோம் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை, அவரே ஒரு வழி சொன்னார். நாலு வாரம் வீட்டில் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுங்கள், பிறகு பார்ப்போம்.

நான் எதிர்த்திருக்கலாம். எதிர்க்கவில்லை. தனிக் குழு என்ற வார்த்தை பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் பிறகு சுரண்டி எடுப்பது லேசில்லை. அன்றே வீட்டில் சட்டம் போட்டேன். கணவர் "எம்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டு "யாழினி" என்பார். எனக்கும் அவளைக் கூப்பிடும்போது யாரோ வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல இருக்கும். முதல் வாரம் அவள் திரும்பவே இல்லை. இரண்டாம் வாரம் யோசித்துத் திரும்பினாள். நாலாம் வாரம் மரைக்கா அவள் மூக்கில் ஸ்டிக்கரை ஒட்டிக் கண்ணாடி முன் விட்டதும் சட்டென்று பிய்த்துக் கையில் எடுத்தாள். "வீ இஸ் டாட்?" "இக்!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டாள். டச்சில் நான் என்று அர்த்தம். பிறகு, "யாலினி." ழகரம் இந்த ஊர்க்காரர்களுக்கு வராதது போல அவளுக்கும் வரவில்லை. மரைக்கா கைதட்டினார், நானும் தட்டினேன். சாதாரணக் குழுவில் இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் சந்தோஷத்தைச் சொல்ல அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். "எம்மா! ஏ எம்மா! மாமாவத் தெரியுதா?" என்று அண்ணன் குரல் கேட்டது. பதில் இல்லை. "எம்மா!" என்றான் மறுபடியும். யாழினி போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, மாமா ஒன்னத்தான் கூப்பிடுதாவ."

போனை வாங்கினேன். அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நான் "ம்" என்று பதில் சொன்னேன்.