சீரியல் நேரத்தில் கேபிள் ஆபீஸ் போன்

கேபிள் டிவி ஆபீஸில் போன் எடுக்கிறவளுக்கு ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் திட்டு விழும். மழை பெய்தாலும் அவள்தான் காரணம், மேட்ச்சில் நம்ம டீம் தோற்றாலும் அவள்தான் காரணம். ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலோ, கேஸ் ஏஜென்சியிலோ, பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலிலோ உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள் என்று தெரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

எனக்கு ஊர் விழுப்புரம். தினமும் காலையில் ரயில் பிடித்துத் திண்டிவனம் போய், ரஹீம் பாயின் ஆபீஸில் போனுக்கு எதிரே உட்காருவேன். பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பி வந்து கேபிள் தொழில் ஆரம்பித்தவர். லைன்மேன், அந்தோணி அண்ணன். கம்பம் ஏறுவது அவர் வேலை, திட்டு வாங்குவது என் வேலை, எங்கள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவது பாய் வேலை.

ஈரப் புடவை

நான் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டிலிருந்து வாரா வாரம் கம்ப்ளெயிண்ட் வரும். படம் ஆடுகிறது, கோடு கோடாய் வருகிறது, ஆள் முகமே தெரியவில்லை என்பார் அந்த வீட்டம்மா. அந்தோணி அண்ணன் போவார். அவர் போகும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்கும். திரும்பி வந்து என்னைப் பார்த்து முறைப்பார். "வீட்ல ஒண்ணுமே இல்ல. நீ சரியா கேட்டு எழுதுறியா இல்லியா?"

ஒருநாள் வேறு வேலையாக அந்தத் தெரு வழியே போனவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். மாடிக்கும் கம்பத்துக்கும் நடுவே போகிற எங்கள் கேபிளில் ஈரப் புடவைகள் வரிசையாய்த் தொங்கின. பாரம் தாங்காமல் வயர் வில்லாய் வளைந்திருந்தது. துணி துவைக்கிற அன்றைக்கெல்லாம் படம் ஆடியிருக்கிறது. துணி காய்ந்து எடுத்த பிறகு இவர் போய் நின்றிருக்கிறார். இவர் கீழே இருந்தபடியே சத்தம் போட, அந்தம்மா மாடியிலிருந்து சொன்ன பதிலை அண்ணன் அப்படியே வந்து ஒப்பித்தார்:

"வயரு சும்மாதானேப்பா தொங்கிக்கினு இருக்குது, அதுக்கு என்னா வலிக்கவா போவுது?"

கோமாவில் இருந்த பெண்

அப்போது ஒரு சீரியல் ஊரையே கட்டிப் போட்டிருந்தது. கதாநாயகி லாரியில் அடிபட்டு கோமாவில் கிடந்தாள். அன்று கண் விழிப்பாள் என்று வாரம் முழுக்க விளம்பரம் செய்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து சாயங்காலம் பேய்மழை. சீரியல் தொடங்குகிற நேரத்தில் ஊரின் கிடங்கல் பகுதியில் லைன் போய்விட்டது.

போன் நெருப்பாய் அடித்தது. வைத்தால் அடிக்கும், எடுத்தால் திட்டு. "மழை விட்டதும் ஆள் வருவாங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. "யாரும் போவ வேணாம், மழை நிக்கட்டும்" என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். அந்தோணி அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் ஏணியைத் தூக்கினார். "வேணாண்ணே" என்றேன். "நீ இம்மாம் பேச்சு வாங்கறத கேட்டுக்கினு எப்பிடிம்மா உக்காந்திருக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மின்கம்பத்தில்தான் எங்கள் வயரும் போகும். ஈரத்தில் எங்கேயோ கரண்ட் இறங்கியிருக்கிறது. அண்ணனைத் தூக்கி எறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நினைவில்லாமல் கிடந்தார். அக்கா வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் தெரியாது. அக்கா "ஆமென்" என்று சொல்லும்போது மட்டும் கூடச் சொன்னேன். ஆபீஸ் போனை என் செல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தோம், அது அடித்தது. கிடங்கல் ராஜேஸ்வரி அக்கா. எங்கள் கஸ்டமர்களிலேயே பெரிய வாய். "அந்தோணி அண்ணன் கரண்ட் அடிச்சு விழுந்துட்டாருக்கா, கண்ணே திறக்கல" என்று அழுதுவிட்டேன். ராஜேஸ்வரி அக்கா நிஜமான வருத்தத்தோடு சொன்னது இது:

"அய்யோ பாவம், அவருக்கு ஒண்ணும் ஆவாதும்மா, சாமி இருக்குது... அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சிச்சா, அத மட்டும் சொல்லிடு."

அண்ணன் விடிந்ததும் கண் விழித்தார். அந்தப் பெண் இன்னும் ரெண்டு வாரம் எடுத்துக்கொண்டாள்.

பெட்டிக்குப் பொட்டு

அண்ணன் தேறி வந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் ஏணி அவர் தோளில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எல்லார் கையிலும் செல் வந்தது, செல்லில் நெட் வந்தது. பாட்டு, படம், சீரியல், மேட்ச் எல்லாம் உள்ளங்கைக்குள் போய்விட்டது. எங்கள் ஆபீஸுக்கு செட்டாப் பாக்ஸ்கள் திரும்பி வர ஆரம்பித்தன. பையில் போட்டுக் கொண்டுவருவார்கள், மேசைமேல் வைப்பார்கள், போய்விடுவார்கள். பெட்டிகள் சுவரோரம் அடுக்கடுக்காய் ஏறின. பாய் அவற்றைப் பார்க்காமலே நடக்கப் பழகினார். "வேற வேலை பாத்துக்கோ சுமதிம்மா" என்று என்றைக்குச் சொல்வாரோ என்று தினமும் ரயிலில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, களையெடுக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண், பெட்டியைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால், பெட்டியின் நெற்றியில் மஞ்சள், குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம். ரிமோட்டுக்கும் தனியாகப் பொட்டு. "பிள்ளைங்க செல்லு போதும்ன்னுதுங்க" என்றார், தப்பு செய்தவர் மாதிரி. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எங்க வூட்ல இத்தினி நாளு பேசிக்கினு இருந்துச்சு, மூளியா எப்பிடிம்மா அனுப்பறது?"

போன் செத்துப்போச்சா?

மறுபடி ஒரு மழைக்காலம். சீரியல் நேரம். கிடங்கலில் முருங்கைக் கிளை விழுந்து கேபிள் அறுந்து கிடக்கிறது என்று பைக்கில் போன ஒருவர் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்தோணி அண்ணன் மழைக்கோட்டை மாட்டினார். இடது கையால் பொத்தான் போட்டுக்கொண்டு, போனையே பார்த்தபடி நின்றார். நானும் போனையே பார்த்தேன்.

அது அடிக்கவில்லை. அஞ்சு நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. சத்தமே இல்லை. போன்தான் செத்துப்போச்சோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் கணீரென்று கேட்டது. "யாராவது ஒருத்தருக்குப் போட்டுப் பாரும்மா" என்றார் அண்ணன். இப்படிப்பட்ட நேரத்தில் கட்டாயம் கத்தக்கூடியவர் யார்? ராஜேஸ்வரி அக்காவுக்குப் போட்டேன். "அக்கா, உங்க தெருவுல லைன் அறுந்துபோச்சு, மழை விட்டதும் ஆள் வருவாங்க" என்று பயந்து பயந்து சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் காதிலும் விழுந்தது.

"லைன் அறுந்துச்சா? தெரியவே தெரியாதும்மா, நாங்க செல்லுல பாத்துக்கினு இருக்கோம். நடுவுல போன் பண்ணி பேஜாரு பண்ணாத, வையி."

அண்ணன் மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் தொழில் போய்க்கொண்டிருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். வாசலில் மழை பெய்துகொண்டே இருந்தது. யாரும் எங்கும் போகவில்லை.

ரெண்டு பரோட்டா

அடுத்த மாதமே பாய் முடிவெடுத்துவிட்டார். "ஊரே நெட்டு கேக்குது, நாம நெட்டு குடுப்போம். ஜல்தி ஆரம்பிக்கணும்." தெருத் தெருவாய் ஃபைபர் வயர் இழுத்தோம். கம்பம் ஏறுவதற்கு ஒரு கம்பெனி ஆள் அனுப்பியது. அந்தோணி அண்ணன் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, தலைமுடி போல மெல்லிசான கண்ணாடி இழைகளை மெஷினில் வைத்து ஒட்டக் கற்றுக்கொண்டார். அதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. மேரி அக்கா அந்த மெஷினைப் பார்க்கவென்றே ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். விழுப்புரத்தில் கிளை திறந்து என்னை அங்கே உட்காரவைத்தார்கள். என் ரயில் அலைச்சலும் ஒழிந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் எங்களிடம் வைபை வாங்கினார். முன்பு டிவியில் படம் ஓட்டினால் லாரி டிரைவர்கள் நின்று சாப்பிடுவார்களாம். இப்போது டிவியை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை, வைபை இருந்தால்தான் உட்காருகிறார்கள் என்றார். மாட்டிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் போன் செய்தார். உட்காருகிறார்கள், எழுந்திருப்பதே இல்லை. ஒரு டீயை வைத்துக்கொண்டு முழுப் படம் பார்க்கிறார்கள். லைனைப் பிடுங்கிவிடு என்றார். "பாஸ்வேர்டை மாத்திப் பாருங்கண்ணே, கேட்டாத்தான் கிடைக்கிற மாதிரி வைங்க" என்றேன். மறுவாரம் விசாரித்தேன். ஆள் குரலே மாறியிருந்தது.

"பாஸ்வேர்டு 'ரெண்டு பரோட்டா'ன்னு வச்சுட்டேம்மா. எவன் வாயத் தொறந்து கேட்டாலும், பதில உள்ள மாஸ்டருக்குக் கேக்கற மாதிரிதான் சத்தமா சொல்றேன்."

பழைய எதிரி

விழுப்புரம் ஆபீஸுக்கு ஒருநாள் சஃபாரி சட்டை போட்ட பெரியவர் வந்தார். பாயும் அன்று அங்கே இருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். வந்தவர் தணிகாசலம், ஒரு சினிமா தியேட்டர் மேனேஜர். கேபிளில் படம் போட ஆரம்பித்த காலத்தில், இதே மனிதர்தான் ஆள் கூட்டி வந்து பாயின் சட்டையைப் பிடித்தவராம். "எங்க வயித்துல மண்ணப் போடறியா?" என்று கேட்டாராம்.

தியேட்டரை மூடிவிட்டார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டுக் கல்யாண மண்டபமாக்கியிருந்தார்கள். தணிகாசலம்தான் அதற்கும் மேனேஜர். தடித்த சுவர் என்பதால் உள்ளே செல் சிக்னல் நுழையவில்லை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கல்யாணத்தை லைவாகக் காட்ட முடியாத மண்டபத்தை யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்களாம். நெட் கனெக்ஷன் கேட்டு வந்திருந்தார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். தணிகாசலம் உட்கார்ந்து, திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்து சுவரோரம் அடுக்கியிருந்த பழைய பெட்டிகளைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்:

"எங்கள நீ கவுத்த, உன்ன செல்லு கவுத்துச்சு. செல்ல கவுக்கறதுக்கு ஒண்ணு வராமயா பூடும்? அத வேடிக்கை பாக்கறதுக்காவது நாம ரெண்டு பேரும் இருக்கணும் பாய்."

திரையில் வந்த வாப்பா

அந்த மண்டபத்தில் போன மாதம் ஒரு நிக்காஹ். பெண் வீடு கோட்டக்குப்பம். பெண்ணின் வாப்பா குவைத்தில் டிரைவர். லீவு கிடைக்கவில்லை. மகள் நிக்காஹை அங்கிருந்தே பார்ப்பதாக ஏற்பாடு. தணிகாசலம் தன் பழைய சினிமாத் திரையை விற்காமல் வைத்திருந்தார். அதில் புரொஜெக்டர் போட்டு வாப்பாவைக் காட்டிவிடலாம் என்றார். குடும்பமே சந்தோஷப்பட்டது.

நெட்டைக் கவனித்துக்கொள்ள நானும் போயிருந்தேன். காலையில் ஆட்கள் வந்து உட்காருகிற நேரத்தில் நெட் போனது. கூட்டேரிப்பட்டு கிட்டே ரோடு வேலை செய்த ஜேசிபி, ஃபைபரை வாரி எடுத்துவிட்டது. பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார். திட்டவில்லை. "வந்துடுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம், தாங்கியிருப்பேன். வெளியே ஓடிப்போய் அந்தோணி அண்ணனுக்குப் போட்டேன். அவர் ஏற்கெனவே அங்கே பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தார். "வெயில்ல கண்ணு கூசுது, யாராவது குடை பிடிங்கப்பா" என்று அவர் கத்துவது கேட்டது. ஜேசிபி ஓட்டியவரே இறங்கி வந்து குடை பிடித்தாராம். இங்கே நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் வந்துவிட்டார். மாப்பிள்ளை வந்துவிட்டார். "கொஞ்சம் பொறுக்கலாம்" என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் ரூட்டரில் எரிகிற சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பச்சையாகிவிட்டது. திரை வெளுத்தது, கலங்கியது, பிறகு தெளிந்தது. வெள்ளைச் சட்டையில், தொப்பியோடு, சுவர் முழுக்க ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மண்டபமே எழுந்து நின்று ஸலாம் சொன்னது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையைத் தூக்கினார். பெண்ணின் அம்மா திரைக்கு ரொம்பக் கிட்டே போய் நின்று, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்:

"தினம் செல்லுல பாக்கறேன்... தாடி பூரா நரைச்சுப்போச்சே, தெரியவே இல்லியே எனக்கு!"

ஆக, ஊரே ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைப் பார்த்த காலம் போய் ஆளுக்கொரு செல்லை ஆளுக்கொரு நேரத்தில் பார்க்கிற காலம் வந்துவிட்டாலும், எனக்கு விழுகிற திட்டு ஒன்றும் குறையவில்லை, மொத்தமாக வந்தது இப்போது சில்லறையாக வருகிறது, அவ்வளவுதான்.