வீரபாண்டியன் கை நனைத்த கடை

வீரபாண்டியனுக்கு உலகத்தில் எதையுமே பிடிக்காது என்று காரைக்குடியில் சொல்வார்கள். அது பொய். அவருக்குத் தன்னைப் பிடிக்கும். மற்றபடி பிறத்தியார் வீட்டுக் குழம்பு, பிறத்தியார் பார்த்த மாப்பிள்ளை, பிறத்தியார் கட்டிய வீட்டின் வாசல், எதுவும் அவருக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சரியான நேரத்துக்கு வந்து நிற்கிற பஸ்ஸைக்கூட, இது எதற்கு வந்தது என்பதுபோலத்தான் பார்ப்பார்.

அவர் நாக்குக்கு ஊரில் ஒரு பயம் உண்டு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவரை உட்கார வைத்துவிட்டு, சமையல்காரர் தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரசம் ஊற்றும்போது வீரபாண்டியன் உதட்டைப் பிதுக்கினால் போதும், பெண் வீட்டாருக்கு முகம் செத்துப்போகும். ஆனால் சாப்பிடாமல் குறை சொல்ல மாட்டார். "தின்னு பாக்காமக் குத்தம் சொல்றவன் நான் இல்லப்பா" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் நின்று, இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பார்.

சம்பந்தம் பேசப் போகிறவர்களும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் அவரைப்போல் கறாரான ஆள் கிடையாது. காப்பி குடிக்கலாம், வடையும் கேசரியும் தின்னலாம், அது வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை. ஒரு வாய் சோறு உள்ளே போனால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பெண் நிறமாக இல்லை, நட்சத்திரம் பொருந்தவில்லை என்று எவனாவது இழுத்தால் வீரபாண்டியன் விடமாட்டார். தேவகோட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை, "சோத்தத் தின்னுட்டுப் பேச்ச மாத்துறவன் மனுசனாப்பா?" என்று நடுக்கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டு, அந்தக் கல்யாணத்தை நடத்தியே வைத்தார்.

அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் சினேகா, கட்டினால் ரவிக்குமாரைத்தான் கட்டுவேன் என்றாள்.

ரவிக்குமார் அந்நியன் இல்லை. சொந்தத்தில்தான், முறை மாப்பிள்ளைதான். அவன் அப்பா சோணைக்கு ஊரில் நிலம் இருக்கிறது, விவசாயம் இருக்கிறது. பையன் அதையெல்லாம் விட்டுவிட்டு சிங்கப்பூருக்குப் போய், ஒரு ஜப்பான் ஹோட்டலின் அடுப்படியில் பல வருஷம் நின்றுவிட்டு வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல், வீரபாண்டியன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு சூஷிக் கடையைத் திறந்துவிட்டான்.

"மீன்காரன்கூட இவனுக்கு மேல்" என்றார் வீரபாண்டியன், மனைவி ஒச்சம்மாளிடம். "அவன் பச்ச மீன விக்கிறான்னா, நம்ம கொண்டாந்து வேக வச்சுக்குவம்னு நம்பி விக்கிறான். இவன் அதத் தட்டுலயே வைக்கிறானாம். அடுப்புப் பத்த வைக்கச் சோம்பேறித்தனப்பட்டவனுக்கா என் மகளக் குடுக்க?"

"எல்லாம் பச்சையா இல்லையாம். எறால அவிச்சுத்தான் வைக்கிறாகளாம்" என்றாள் ஒச்சம்மாள். அவளுக்குச் சம்மதம். நல்ல பையன், சொந்தக்காரப் பையன், மகள் அடுத்த தெருவில் இருப்பாள்.

முடியாது என்று நேராகச் சொல்லிவிட வீரபாண்டியனால் முடியும். ஆனால் சொந்தத்துக்குள் காரணம் கேட்பார்கள். அதனால் அவர் வேறொரு கணக்குப் போட்டார். கடைக்கே போவது, தின்று பார்ப்பது, நாலு பேர் முன்னால் உதட்டைப் பிதுக்கிவிட்டு வருவது. கடையும் படுத்துவிடும், சம்பந்தமும் படுத்துவிடும். சினேகாவும் இந்த மாதிரிக் கடைக்காரனையா கேட்டோம் என்று வெட்கப்படுவாள்.

போகும் முன் சோணைக்குப் போன் போட்டு ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டார். "சாப்பாடு கீப்பாடு போடுவீரோ?"

"அதெல்லாம் இல்ல மச்சான். துண்டு துண்டா இருக்கும். வடை மாதிரி எடுத்து வாயில போட்டுக்கிறதுதான். பலகாரம்னே வச்சுக்கங்க" என்றார் சோணை. அவருக்கும் மகன் செய்வது இன்னதென்று முழுசாகத் தெரியாது.

"மச்சான் முறைன்னா மகளக் குடுத்துறணுமாக்கும்" என்று போனை வைத்தார் வீரபாண்டியன். மகளைக் கூப்பிட்டு, "நீயும் வா. ஆனா அங்க பச்சத்தண்ணி தொடக்கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் ஒச்சம்மாள் வைத்த கறிக்குழம்பில் காரம் போதாது என்று பாதியில் எழுந்தவர், நல்ல பசியில் இருந்தார்.

கடை வாசலில் 'ரவி'ஸ் சூஷி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. "தின்னப் போறவன் சிரிக்கலாம், மீனு எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். உள்ளே காகித விளக்குத் தொங்கியது. கல்லாவில் சோணை புதுச்சட்டை போட்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் வீரபாண்டியனின் பங்காளி கருத்தையா குடும்பத்தோடு இருந்தார். இன்னும் தெரிந்த முகங்கள் நாலைந்து. வீரபாண்டியனுக்குத் திருப்தியாக இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் உதட்டைப் பிதுக்கி என்ன பிரயோசனம்?

முதலில் கை துடைக்கச் சுடச்சுட ஈரத்துண்டு வந்தது. "கை கழுவக் குழாய் இல்லாத ஓட்டல்" என்றார். பிறகு இரண்டு குச்சிகள் வந்தன. அதை அவர் தொடக்கூட இல்லை. பிறகு ரவிக்குமாரே தட்டை ஏந்தி வந்தான். ஆறு உருண்டை, நடுவில் இறால், சுற்றிலும் கறுப்பாகக் கடல்பாசி. கூடவே ஒரு கிண்ணத்தில் சூடாகச் சாறு. சினேகா முன்னாலும் ஒச்சம்மாள் முன்னாலும் அதே மாதிரி வைத்தான். வைத்தவன் நேராக இருந்த தட்டை இன்னும் இரண்டு தடவை நேராக்கினான். சினேகா அதைப் பார்த்தாள். வீரபாண்டியனும் பார்த்தார், பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இது என்ன, சோத்தச் சுத்திக் கருப்பு டேப்பு ஒட்டியிருக்கு?"

"கடல்பாசி மாமா. அப்படியே முழுசா வாயில போட்டுக்கணும்."

"முழுசாப் போட்டு முழுங்க இது என்ன மாத்திரையா?"

கருத்தையா மேஜையில் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் வீரபாண்டியனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. பாசியை உரித்தார். "தொண்டிப் பக்கம் கரையில கெடந்தா காலால தள்ளிவிட்டுப் போவாக" என்று சொல்லி ஓரமாக வைத்தார். உருண்டையை விரலால் உடைத்தார். "சோறு கொழஞ்சு போச்சே. கஞ்சி வடிக்க மறந்துட்டீகளா?" நாலு பருக்கை எடுத்து வாயில் வைத்தார். "புளிக்குது. நேத்துச் சோறா?" இரண்டாவது உருண்டையையும் உடைத்தார், மூன்றாவதையும் உடைத்தார். "ஆறிப்போயிருக்கு. வீட்டுக்கு வந்தவகளுக்கு ஆறின சோத்தப் போடுற வழக்கம் எந்த ஊருல இருக்கு?" பசி ஒரு பக்கம், குற்றம் கண்டுபிடிக்கிற ஆனந்தம் ஒரு பக்கம். ஆறு உருண்டையையும் ஒன்றாகக் குவித்து, நடுவில் குழி பறித்து, கிண்ணத்துச் சாற்றை அப்படியே ஊற்றி, ஐந்து விரலாலும் பிசைந்தார். இறாலை ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு குற்றம் சொல்லிக்கொண்டே, தட்டு காலியாகும்வரை தின்றார்.

தின்று முடித்து உதட்டைப் பிதுக்குவதற்காக நிமிர்ந்தபோது, சோணை கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்பச் சந்தோசம் மச்சான். கை நனச்சுட்டீக."

வீரபாண்டியன் தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சோறு.

"பலகாரம்னுல்ல சொன்னீரு?" என்றார். குரல் ஏறவில்லை.

"எடுத்து வாயில போட்டிருந்தா பலகாரம்தான் மச்சான். நீங்கதான சாறு ஊத்திப் பெசஞ்சீக?"

"சோறு கொழஞ்சுருச்சு, சோறு புளிக்குதுன்னு இம்புட்டு நேரம் கத்துனது யாரு? நாங்களா?" என்றார் கருத்தையா. பங்காளி அல்லவா, இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார். கடையே வீரபாண்டியனைப் பார்த்தது.

ஒச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அப்போது ரவிக்குமார் முன்னால் வந்தான். "விடுங்கப்பா. மாமா தெரியாமச் சாப்புட்டாக. இத வச்சு ஒருத்தரக் கட்டிப்போடக் கூடாது" என்றான். பிறகு வீரபாண்டியன் பக்கம் திரும்பி, "இது கணக்குல இல்ல மாமா. உங்களுக்கு மனசிருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னாலும் சொல்லிருங்க" என்றான்.

வேறு ஆளாக இருந்தால் அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு நிமிஷமாவது கூசியிருப்பார். வீரபாண்டியனுக்குக் கதவு திறந்தது மட்டும்தான் தெரிந்தது.

"சொல்றேன் கேட்டுக்க. இது சோறே இல்ல. சோறுன்னா ஒரு மணம் இருக்கும், ஒரு சூடு இருக்கும். இதத் தின்னதுக்குக் கை நனச்சதுன்னு பேரு வச்சா, சோத்துக்கே கேவலம். நாய்க்கு வச்சாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

ரவிக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். காலையிலிருந்து நின்று சமைத்தவன் அவன். சோணை கூப்பிய கையைக் கீழே விட்டார். கருத்தையாவுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

"இது சோறு இல்லையாப்பா?" என்று கேட்டாள் சினேகா.

"இல்ல."

"அப்ப நான் தின்னாலும் கை நனச்சதாகாதுல்ல?"

ஆகும் என்றால் தான் தின்றதும் சோறாகிவிடும். "ஆகாது" என்றார்.

சினேகா தன் தட்டை இழுத்துக்கொண்டாள். குச்சியை ஒதுக்கினாள். உருண்டைகளை உடைத்துக் குவித்து, சாற்றை ஊற்றி, அப்பா செய்தது போலவே பிசைந்தாள். அவசரமே படவில்லை. கடையில் இருந்த ஒவ்வொருவரும் அவள் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சப்படாமல் கவளம் கவளமாக எடுத்துத் தின்று, தட்டை வழித்து, விரலையும் நக்கினாள். பிறகு ரவிக்குமாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சோத்துல உப்பு பத்தல" என்றாள். "அடுத்த தடவ பாத்துப் போடுங்க."

"சரி" என்றான் அவன்.

வீரபாண்டியனுக்கு முகம் வெந்துபோயிற்று. மகள் சோறு என்றுதான் சொன்னாள், ஊரே கேட்க, ஒரு சொல் தவறாமல் சொன்னாள். உப்புப் போதவில்லை என்பதும் உண்மை. இத்தனை குற்றம் கண்டுபிடித்தவருக்கு அந்த ஒன்று தட்டுப்படவே இல்லை. எல்லாரையும் இளக்காரமாகப் பார்த்தே பழகிய மனுஷனுக்கு, முதல் தடவையாகத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒச்சம்மாள் புருஷன் பக்கம் திரும்பாமலே எழுந்தாள். "அண்ணே, வெத்தல பாக்கு மாத்திக்கிற எப்பத் தோதுப்படும்?" என்று சோணையிடம் கேட்டாள்.

சோணை வழக்கப்படி பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "மச்சான், நீங்கதான் சொல்லணும்."

வீரபாண்டியன் சினேகாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"என்னைய என்னத்துக்குக் கேக்குறீக?" என்றார். "அவளக் கேளுங்க."