புதன்கிழமை எழுதிய விலை

என் அக்காவின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பழம் வாங்க வந்து உறவாகிப் போன வாடிக்கையாளர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மாமா, முதல் பக்கத்துல போடணும்" என்று அக்காவின் மகள் கேட்டாள். நாலு வார்த்தையில் அடங்குகிற மனுஷியா அக்கா? அவருடைய நல்லதைச் சொல்ல வேண்டுமானால் என்னுடைய கெட்டதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமத்தில், வானம் பார்த்த இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. நான் அவருக்கு ஒன்பது வயது இளையவன். பத்தாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க ஆசை இருந்தது, பஸ்ஸுக்குக் கொடுக்க வீட்டில் வழியில்லை. பதினெட்டு முடிந்ததும் திருவண்ணாமலையில் வாழைத்தார் இறக்கும் வேலையில் இருந்த மாமாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மகள் பிறந்த இரண்டாம் வருடம் மாமா லாரியிலிருந்து தாரோடு விழுந்தார். இடுப்பில் அடி. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று அழுததோடு சரி. அதற்கப்புறம் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து, மாமா தூக்கிய அதே பழத்தை அவர் விற்கத் தொடங்கினார்.

வண்டியிலிருந்து செங்கம் ரோட்டில் பத்துக்குப் பத்து கடைக்கு வர அவருக்கு ஏழு வருடம் ஆனது. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய என்னை "வெட்டியா சுத்தாம கடையில வந்து நில்லுடா" என்று கூப்பிட்டுக்கொண்டதும் அப்போதுதான். மாமா கல்லாவில், நான் தார் வெட்ட, அக்கா மற்ற எல்லாவற்றுக்கும்.

அவகாடோ என்கிற பட்டர் ஃப்ரூட் எங்கள் கடைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தினமும் வந்து ஏதோ ஒரு பழம் கேட்பார். எங்களுக்குப் புரியாது. ஒரு நாள் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். "கத்திரிக்காய் கேக்குறாங்கடா, காய்கறிக் கடையைக் காட்டு" என்றார் அக்கா. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு மலைப் பக்கத்திலிருந்து பஸ் பார்சலில் ஒரு பெட்டி வரவழைத்தார். வந்த அன்றே ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "தூ! இதையா காசு குடுத்துத் தின்றாங்க?" என்று துப்பினார். கல் மாதிரி காய். பழுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பெட்டியைக் கோபத்தில் பூவன் சீப்புகளுக்கு நடுவில் தள்ளி வைத்தார். நாலாம் நாள் தொட்டுப் பார்த்தால் பழம் மெத்தென்று இருந்தது. வாழைப்பழத்தோடு வைத்தால் அது சீக்கிரம் பழுக்கும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான். இப்போது வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருப்பவர்கள், கலெக்டர் ஆபீஸ் ஊழியர்கள் என்று நம் ஜனங்களே வெள்ளைக்காரர்களைவிட ஜாஸ்தி வாங்குகிறார்கள்.

அக்காவின் வழக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். வாரச் சரக்கு புதன்கிழமை காலையில் வரும். ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்து அறுத்து, தின்று பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். நாங்கள் பேசக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாக்பீஸை எடுப்பார். கடை முகப்பில் தொங்கும் கரும்பலகையில் அந்த வாரத்து விலையை எழுதுவார். பழம் சுமார் என்றால் விலையும் சுமார்தான். வாங்கிய விலை என்ன என்ற பேச்சே கிடையாது. எழுதிவிட்டால் அடுத்த செவ்வாய் இரவு வரை அந்தப் பலகையை யாரும் தொடக் கூடாது.

நடுவில் பௌர்ணமி வரும். கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கும். ஊரில் வாழைப்பழம் ஒன்றுக்கு இரண்டு விலை போகும். எங்கள் பலகை மட்டும் அப்படியே தொங்கும். எனக்கு வயிறு எரியும்.

"ஏன்க்கா, ஊரே ஏத்தி விக்குது, நமக்கு மட்டும் என்ன வேண்டுதலா?"

"பௌர்ணமி வந்ததால பழம் ருசியாயிடுச்சாடா? புதன்கிழமை எழுதுனது எழுதுனதுதான்."

இதில் ஒரு கூத்தும் நடந்தது. பக்கத்து வியாபாரிகளே ஆள் அனுப்பி எங்கள் கடையில் மலிவாக வாங்கி, நாலு கடை தள்ளி வைத்து ஏற்றி விற்றார்கள். மத்தியானத்துக்குள் கடை காலி. அதிலிருந்து பௌர்ணமியன்று தலைக்கு இரண்டு சீப்புதான் என்று அக்கா சட்டம் போட்டார். மூன்றாம் முறை வந்த ஒருவரைப் பார்த்து, "சட்டையை மாத்தினா எனக்கு மூஞ்சி தெரியாதா? போங்க, போங்க" என்று அவர் விரட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பட்டர் ஃப்ரூட் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி, "என்னிக்குச் சாப்பிடப் போறீங்க?" நாளைக்கு என்றால் ஒரு பழம், ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறொரு பழம். யாராவது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் பொறுக்க மாட்டார். "அமுக்காதீங்கம்மா, நாளைக்கு அங்க கறுத்துடும். நான் பாத்துத் தரேன்" என்று வாங்கி, காம்புப் பக்கம் விரல் நுனியை வைத்துப் பார்த்துத் தருவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஏழு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை தீபம். மகளின் பிரசவத்துக்காக அக்காவும் மாமாவும் வெளியூர் போயிருந்தார்கள். போகும்போது சாக்பீஸை என் கையில் கொடுத்து, "தின்னு பாத்துட்டு எழுது" என்றார். முதல் முறையாக என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மழையில் லாரி தாமதமாகி, தீபத்துக்கு முந்தின நாள்தான் சரக்கு வந்தது. அத்தனையும் பச்சைக் காய். அக்கா இருந்திருந்தால் வைக்கோலில் மூடிப் புகை போட்டு நாள் கணக்கில் காத்திருப்பார், தீபத்தன்று பழம் இல்லை என்று கையை விரித்திருப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று கடைகளில் ரகசியமாக விற்கும் கார்பைடு என்ற கல்லு மருந்தை வாங்கிப் பொட்டலம் கட்டித் தார்களுக்கு நடுவில் வைத்தேன். காலையில் எல்லாம் மஞ்சளோ மஞ்சள். தின்று பார்க்கவில்லை. பலகையில் இரண்டு மடங்கு விலை எழுதினேன்.

பத்து மணி இருக்கும். இடுப்பில் சின்னக் குழந்தையோடு ஒரு பெண் பாதிப் பழத்துடன் திரும்பி வந்தார். "குழந்தை துப்பிடுச்சுண்ணா, உள்ள காயா இருக்கு, வாயெல்லாம் எரியுதுன்னு அழுவுது" என்றார். நான் அவரோடு வாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார். பேரன் பிறந்த சந்தோஷத்தில், தீபம் பார்க்க, சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த பழத்தை வாங்கிப் பார்த்தார்.

"தோல் மஞ்சளா இருக்கு, காம்பு பச்சையா இருக்கு. எப்படிடா இது?"

அக்கா மிச்சப் பழத்தைக் கடித்தார், துப்பினார். அந்தப் பெண்ணிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, குழந்தையின் வாயைக் கழுவிவிட்டு, பால் வாங்கிக் கொடுத்தார். பிறகு வருடத்தின் பெரிய வியாபார நாளில், அத்தனை கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஷட்டரை இழுத்து மூடினார். மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது என்று சொல்லி அவ்வளவு பழத்தையும் குழியில் போட்டு மூட வைத்தார். எல்லாம் முடிந்ததும் என்னிடம் கையை நீட்டினார்.

"சாக்பீஸைக் குடு."

அவ்வளவுதான். திட்டவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அன்று இரவும் எனக்குச் சோறு போட்டார். அதன் பிறகும் எனக்குப் பெண் பார்த்தார், கல்யாணம் செய்து வைத்தார், என் பிள்ளைக்குக் காது குத்தும்போது மாமாவை வற்புறுத்திப் புதுச் சட்டை போட வைத்தார். சாக்பீஸை மட்டும் ஆறு வருடமும் என்னிடம் கொடுக்கவே இல்லை. புதன்கிழமைதோறும் அவர் எழுதுவார், நான் தள்ளி நின்று பார்ப்பேன். கோபத்தில் தனிக்கடை போட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். ஒரு முறை இடம்கூடப் பார்த்துவிட்டேன். போக முடியவில்லை. எனக்குக் கடை வேண்டியதில்லை, அந்தச் சாக்பீஸ்தான் திரும்ப வேண்டியிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

போன வருடம் ஆனி மாதத்தில் அக்காவுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் சோர்ந்துவிட்டன என்றார்கள். டாக்டர் சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார். தொடவே கூடாதவற்றில் முதலில் வாழைப்பழம், இரண்டாவது பட்டர் ஃப்ரூட். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை வருஷமா ஊருக்கே ஊட்டுனேன், எனக்கு மட்டும் தடை போட்டுட்டாரே!" என்றார். சிரித்து முடித்தபின் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். தின்று பார்க்காமல் எப்படி விலை எழுதுவது?

அதிலிருந்து மாமா தின்று பார்த்தார். அக்கா வீட்டிலிருந்தே விலை சொல்ல, மாமா எழுதினார். ஆனால் மாமாவுக்கு எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் பதில். "இவருகிட்ட வேப்பங்காயைக் குடுத்தாலும் இதையேதான் சொல்லுவாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். என்னை அவர் கேட்கவில்லை. நானும் வாய் விட்டுக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரப் புதன்கிழமை, சரக்கு இறங்கியதும், யாரும் சொல்லாமல் நான் ஒவ்வொன்றிலும் ஒன்றை அறுத்துத் தின்றேன். பட்டர் ஃப்ரூட்டில் மூன்றை எடுத்துக்கொண்டு நேராக அக்காவின் கட்டிலுக்குப் போனேன். அவர் எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே ஒவ்வொன்றையும் வாங்கி, காம்புப் பக்கம் விரலை வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தின்னு பாத்தியா?"

"பாத்தேன்க்கா. பூவன் நல்லா இருக்கு, போன வாரத்து விலையே போடலாம். இதுதான் சரியில்ல. மழையில பறிச்ச காய். தண்ணியா இருக்கு, கொட்டைகிட்ட லேசா கசக்குது."

"எவ்ளோ போடலாம்?"

ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. "கிலோவுக்கு முப்பது ரூபா கம்மி பண்ணிடலாம்க்கா" என்றேன்.

"சனிக்கிழமை பௌர்ணமி வருதே. ஜாஸ்தி போட மாட்டியா?"

"பௌர்ணமின்னா கசப்பு போயிடுமாக்கா?"

கட்டில் பக்கத்தில் இருந்த மாமா ஏதோ சொல்ல வந்தார், அக்கா அவரைக் கையால் அமர்த்தினார்.

"சரி, போய் நீயே எழுது. உங்க மாமா எழுதுறது எனக்கே புரியல."

நான் ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சத்தம் போட்டுத்தான் அழுதேன். பிறகு கடைக்குப் போய் எழுதி, போட்டோ பிடித்து அக்கா மகளின் செல்போனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "எழுத்து கோணலா இருக்கு. விலை சரியா இருக்கு" என்றாராம்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கா போய்விட்டார். பௌர்ணமிக் கூட்டத்தில் ரோட்டில் வண்டி நுழைய முடியாமல், மறுநாள் மத்தியானம்தான் எடுத்துப் போனோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அடுத்த புதன்கிழமை கடை திறந்தோம். பலகையில் அந்த வாரத்து விலை அப்படியே இருந்தது. "அக்கா இருந்தப்ப எழுதுனது, அழிக்காதீங்க, ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்று பலரும் சொன்னார்கள். மாமாவும் அதைத்தான் விரும்பினார். புதுச் சரக்கு உள்ளே இருந்தது. வாரம் முடிந்த விலையைத் தொங்கவிட்டால் அக்கா எழுந்து வந்து திட்டுவார். நான் தின்று பார்த்துவிட்டு, பலகையைத் துடைத்து எழுதினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்கா நோயில் இருந்த நாலு மாதமும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, பெட்ரோலுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காத ஆட்டோக்காரத் தம்பிக்கும், அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட நர்ஸ் அம்மாவுக்கும், அன்று பௌர்ணமி என்றும் பாராமல் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வந்து நின்ற பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் (சட்டை மாற்றி வந்தவர் உட்பட), காரியத்துக்குச் சமைத்துப் போட்ட சொந்தங்களுக்கும், படம் வரைந்து காட்டிய அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பிக் கடன்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அக்கா பௌர்ணமியில் போனார். ஆகவே வருடா வருடம் அவருடைய திதி பௌர்ணமியிலேதான் வரும், ஊரில் பழம் விலை ஏறும் அதே நாளில். என்னைக் கண்காணிக்கத்தான் நாள் பார்த்துப் போனாரோ என்று மாமாவிடம் சொன்னால், "செஞ்சிருப்பா, செய்யக்கூடியவதான்" என்கிறார். இந்த வருடம் திதி வியாழக்கிழமை வருகிறது. காலையில் படையல் முடிந்ததும் கடை திறந்திருக்கும், எல்லோரும் வாருங்கள். தலைக்கு இரண்டு சீப்பு. விலை, முந்தின நாள் புதன்கிழமை நான் தின்று பார்த்து எழுதியதுதான்.